பிரட்டு இல்லாத வேலை

கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோருக்குப் பிரட்டு என்றால் என்னவென்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிற இடத்து அன்பர்களுக்காக ஒரு சொல் சொல்லி மேலே செல்கிறேன். விடியற்காலையில் தொழிலாளர் யாவரும் ஓரிடத்திற் கூடுவர். இன்றைக்கு எந்த மலை, எவருக்கு எந்த வேலை என்பது அங்கே தீர்மானமாகும். அந்தக் கூட்டத்திற்குப் பிரட்டு என்று பெயர்; அது கூடும் இடம் பிரட்டுக்களம். முன்னாளில் இருள் பிரியுமுன் தப்படித்து லயங்களை எழுப்புவார்கள். பிரட்டுக்குப் பிந்தினவருக்கு அன்று 'பேர்' இல்லை. பேர் இல்லையானால் கூலியும் இல்லை.

ஆராய்ச்சி மாணவனுக்குப் பிரட்டு இல்லை. அவனைத் தப்படித்து எழுப்புவாரும் இல்லை. இன்று ஒரு வரியும் எழுதவில்லையே என்று கடிந்து கேட்பாரும் இல்லை. நாளைக்கு எழுதினாற் போதும். நாளை மறுநாளும் ஆகலாம். விடுமுறை வந்த பின் முழுமூச்சாக எழுதி முடித்துவிடலாம். இந்தச் சுதந்திரமே மெல்ல மெல்ல அவனுக்குப் பகையாகிவிடுகின்றது.

பட்டப்பின் படிப்பிற்குப் பதிவு செய்து, தலைப்பும் பெற்று, குறிப்புகளும் திரட்டி, ஆய்வேட்டை மட்டும் எழுதி முடிக்காமலே விட்டவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஊர் எளிதிற் சொல்லிவிடும். நான் அவ்வாறு சொல்லத் துணியேன். நானும் அந்தக் கூட்டத்தில் நெடுநாள் இருந்தவன், தப்பி வந்தவன், ஆயினும் கையில் இருந்த ஒன்றை இழந்த பின்பே வந்தவன்.

ஒத்திவைத்த கதை

2013ஆம் ஆண்டில் முதுதத்துவமாணிப் பட்டத்திற்கு என் பெயரைப் பதிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் என் ஆய்வுப் பொருள். வார நாட்களில் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் அரநாயக்கவிற் பஸ் ஏறி, மாவனல்லையில் இறங்கி மாறி, கடுகண்ணாவை ஏற்றம் கடந்து பேராதனைக்குப் போவேன். மாலையில் புத்தகக் கட்டோடு திரும்புவேன். பார்த்தவர்கள் என்னைப் பெரிய உழைப்பாளி என்றே எண்ணினார்கள். நானும் அவ்வாறே எண்ணிக்கொண்டேன்.

உண்மை வேறு. முதலாண்டு முழுவதும் படித்தேன். இரண்டாம் ஆண்டில் படித்ததை அட்டைகளிற் குறித்தேன். மூன்றாம் ஆண்டில் அந்த அட்டைகளை வகைப்படுத்தினேன். வகை பிடிக்காமல் மாற்றி அடுக்கினேன். இன்னும் ஒரு நூலைப் பார்த்துவிட்டால் எழுதத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த நூல் வேறு மூன்று நூல்களைச் சுட்டும். எழுதாமல் இருப்பதற்கு எழுத்து வேலையைப் போலவே தோற்றமளிக்கும் ஒன்றை மறைவிடமாக்கிக்கொண்டேன். சோம்பியிருந்தவனாயின் மனச்சாட்சி குத்தியிருக்கும். நான் ஓடியாடி உழைத்துக்கொண்டிருந்தேன், ஆகையால் குத்தவில்லை.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. அடிவாரத்துச் சிற்றூர்கள் மண்ணுக்குள் மறைந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற் போயும் ஒழிந்தனர். அந்த வாரங்களில் ஆய்வேட்டை எண்ணுவதும் பாவமாகவே பட்டது. அது தகுந்த காரணம். ஆனால் ஆண்டு முடிந்து, மாணவர் வகுப்புக்குத் திரும்பி, ஊர் மீண்டும் நடமாடத் தொடங்கிய பின்னரும் அதே காரணத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான தடை ஒன்று வந்து நீங்கிய பின், அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

இனி இழந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்து மேல் லயத்தில் ஓர் அப்பாயி இருந்தார். அவரிடமிருந்து பதினொரு பாட்டுகளை ஒலிப்பதிவு செய்திருந்தேன். பன்னிரண்டாவது ஒன்று உண்டென்று அவர் சொல்லியிருந்தார். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுள் அவர் தங்கையின் குடும்பமும் ஒன்று. தலைமன்னார்த் துறையில் தங்கையைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிய இரவில் தாமே கட்டிப் பாடிய ஒப்பாரி அது. உயிரோடு இருப்பவளுக்குப் பாடிய ஒப்பாரி! அதைக் கேட்க வருகிறேன் என்று அவருக்குப் பலமுறை சொன்னேன்.

"என்ன சாமி, பாட்டெல்லாம் எழுதி முடிச்சாச்சா?" என்று வழியிற் கண்டால் கேட்பார்.

"அடுத்த லீவுக்கு வர்றேன் அப்பாயி," என்பேன்.

2017ஆம் ஆண்டில், அடுத்த விடுமுறைக்கு முன்பே அவர் காலமானார். அவருடைய மக்களுள் எவருக்கும் அந்தப் பாட்டுத் தெரியவில்லை.

வள்ளுவர் கண்ட மரக்கலம்

ஒத்திப்போடும் இவ்வியல்பைத் தமிழர் அறியாதவரல்லர். மடியின்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நான்கு குற்றங்களை ஒரு வரிசையில் வைக்கின்றார். காலத்தை நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் என்பன அவை. முதலாவதற்கு அவர் தரும் பெயர் நெடுநீர். சோம்பலும் நீட்டித்தலும் ஒன்றென்று அவர் கருதியிருந்தால் இரண்டையும் தனித்தனியே எண்ணியிருக்க மாட்டார். இந்நான்கும் கெடப்போகின்றவர் விரும்பி ஏறும் மரக்கலம் என்கிறார். 'விரும்பி' என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அந்தக் கலத்தில் எவரும் நம்மைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ஏறும்பொழுது அது இனிதாகவே இருக்கின்றது.

இக்கால உளவியலாரும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர். கனடா நாட்டவரான பியூஷியா சிரோவா, திமதி பிச்சில் என்னும் ஆய்வாளர் இருவர் 2013இல் எழுதிய கட்டுரையில், ஒத்திப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாத குறை மட்டுமன்று, மனநிலையைச் சீர்செய்யத் தேடும் குறுக்குவழி என்று காட்டினர். எழுத உட்காருகிறோம், அச்சமும் அலுப்பும் எழுகின்றன, நாளைக்கு ஆகட்டும் என்று எழுந்துவிடுகிறோம், உடனே நெஞ்சு இலேசாகின்றது. அந்த இன்பத்துக்கான விலையை நாளைய மனிதன் கொடுக்கின்றான். கல்காரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் என்பார் அதுவரை நடந்த ஆய்வுகள் பலவற்றை 2007இல் ஒருங்கே தொகுத்து நோக்கினார். வேலை மனத்துக்குக் கசப்பாயிருத்தல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைதல், பயன் வெகு தொலைவில் இருத்தல், கணநேர உந்துதலுக்கு இணங்கிவிடுதல் ஆகியவையே இதனோடு மிகவும் தொடர்புடையன என்று அவர் கண்டார். இந்நான்கும் ஒருங்கே வாய்த்த வேலை ஒன்றைத் தேடினால் ஆய்வேட்டை விடப் பொருத்தமானது எது?

ஆயினும் தாமதம் யாவும் குற்றமன்று. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஆறச் செய்ய வேண்டியவற்றை ஆறச் செய்க, விரைந்து செய்ய வேண்டியவற்றில் தாமதியற்க என்று வள்ளுவரே பிரித்துக் காட்டுகின்றார். சார்ல்ஸ் டார்வின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. உயிரினங்களின் தோற்றம் பற்றிய குறிப்பேட்டை அவர் 1837இல் தொடங்கினார். 1842இல் ஒரு சுருக்கம் வரைந்தார். 1844இல் அதை விரித்தெழுதினார். பின்னர் 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். அவர் அஞ்சித் தயங்கினார் என்பாரும் உளர். தம்மைத் தகுதியாக்கிக்கொண்டார் என்பாரும் உளர். எவ்வாறாயினும், 1858இல் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து வாலஸ் எழுதிய கடிதம் அதே கருத்தைச் சுமந்து வந்த பின்புதான் அவர் விரைந்தார். மறு ஆண்டில் நூல் வெளிவந்தது. இருபது ஆண்டு ஆறியிருந்தவருக்கும் இறுதியில் வெளியிலிருந்து ஒரு தப்போசை வேண்டியிருந்தது!

ஆறப்போடுவதையும் தள்ளிப்போடுவதையும் எப்படி வேறு பிரிப்பது? நான் கண்ட அளவுகோல் ஒன்றுண்டு. ஆறப்போட்ட பொருள் நாளுக்கு நாள் தெளிவாகும். தள்ளிப்போட்ட பொருள் நாளுக்கு நாள் அச்சமூட்டும். என் அட்டைகள் எனக்கு அச்சமூட்டின.

பால் வெட்டு கற்பித்த பாடம்

அப்பாயியின் மறைவுக்குப் பின் சில மாதம் வெறுமையாகவே கழிந்தது. பிறகு எனக்கு வழிகாட்டியது எந்த நூலும் அன்று. என் தந்தையாரின் தொழில்.

அவர் இறப்பர் மரத்திற் பால் வெட்டியவர். பால் வெட்டுக்குக் காலம் விடியற்காலை. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுதுதான் பால் நன்றாக ஓடும். வெட்டுபவர் பட்டையின் மீது சாய்வாக ஒரு மெல்லிய சீவல் மட்டுமே எடுப்பார். அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். ஆழ வெட்டினால் உள்ளே பட்டையை வளர்க்கும் மெல்லிய படை புண்படும். புண்பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக எழாது. ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிய ஒரு சீவல். பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். ஒரு மரத்துப் பாலைப் பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். இருநூற்றைம்பது, முந்நூறு மரத்துப் பாலையும் வாளியில் ஊற்றிச் சேர்த்தால் அன்றைய பேர் நிறையும்.

சிறுவனாயிருந்தபோது நான் ஆசைப்பட்டுக் கத்தியை வாங்கி அழுத்தினேன். தந்தையார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆழமா வெட்டாத தம்பி. மரம் எங்கயும் போயிடாது. நாளன்னைக்கும் பால் குடுக்கும்," என்றார்.

நான் ஆய்வேட்டை எழுத முயன்ற விதம் அதற்கு நேர் மாறானது. விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பேன். வந்ததும் ஒரே நாளில் பத்துப் பக்கம் எழுத முனைவேன். மூன்று பக்கத்தில் களைத்துச் சலித்து, அடுத்த விடுமுறை வரையில் தாளைத் தொடமாட்டேன். ஆழ வெட்டிப் பட்டையைப் புண்ணாக்கியவன் நான்.

எனவே ஒரு முடிவு செய்தேன். பள்ளிக்குப் புறப்படுமுன், காலை நாலரை மணிக்கு, அடுப்படி அருகிலுள்ள மேசையில் அரைப்பக்கம் எழுதுவது. அதற்கு மேல் எழுதத் தோன்றினாலும் நிறுத்திவிடுவது. அரைப்பக்கம் என்பது அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: முந்நூறு நாளில் நூற்றைம்பது பக்கம். நான்காண்டு ஓடியாடித் தேடியதை விட அதிகம்!

இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டி உறுதி செய்வதன் ஆற்றல் வெறும் அனுபவ வார்த்தையன்று. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முதலியோர் 1997இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டுக்கொண்டனர். எப்பொழுது, எங்கே அமர்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குறித்த காலத்தில் எழுதினர். அவ்வாறு குறித்துக்கொள்ளாதவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினர். இரு சாராருக்கும் வேலை ஒன்றே.

முதலில் எழுதியவை நன்றாக இருக்கவில்லை. கிழித்தெறியக் கை துடித்தது. அப்பொழுதும் இறப்பர்த் தோட்டமே துணைக்கு வந்தது. வெட்டிய காயில் உறைந்து ஒட்டியிருக்கும் கழிவுப் பாலை மறுமுறை வெட்டுமுன் உரித்தெடுப்பார்கள். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அழுக்கும் தூசியும் படிந்த அதையும் எவரும் வீசிவிடுவதில்லை, கூடையிற் சேர்ப்பார்கள், அதற்கும் விலையுண்டு. என் முதற்படியை நான் ஒட்டுப்பால் என்றே கொண்டேன். திருத்துவதற்கு ஒரு தாள் கையில் இருப்பது, குறையற்ற தாள் ஒன்று கனவில் இருப்பதினும் மேல் அன்றோ?

நாமே கூட்டிய பிரட்டு

தனியொருவன் எழுப்பும் உறுதி சில கிழமைகளில் தளரும். எனக்கும் தளர்ந்தது. எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இதேபோல் முடிவுறாத ஆய்வேடுகளோடு இருந்தனர். மூவரும் பேசி, ஒவ்வொரு போயா தினத்திலும் ஒருவர் வீட்டிற் கூடுவதென்று வைத்துக்கொண்டோம். அந்த மாதம் எழுதியதை உரக்க வாசிக்க வேண்டும். எழுதாதவர் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. அதுவே சட்டம்.

எங்கள் பெற்றோருக்குப் பிரட்டு என்பது பிறர் போட்ட விலங்கு. நூறாண்டுக்கு மேலாகத் தப்போசைக்கும் கங்காணியின் குரலுக்கும் எழுந்த சமூகம் இது. அந்தக் கொடுமையை இனிய நினைவாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் பிறர் மணிக்கு எழுந்தவர்களின் மக்களாகிய நாம் நம் மணிக்கு நாமே எழக் கற்றுக்கொள்ளாவிடில், கிடைத்த விடுதலையால் என்ன பயன்? நாமே கூட்டிய பிரட்டில் எவருக்கும் எவரும் கங்காணி அல்லர். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கின்றார் என்ற நினைவு மட்டுமே உண்டு.

நாளிதழ் அலுவலகமும் ஒரு பிரட்டுக்களந்தான். பேராசிரியர் கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தவர். பின்னர் பேராதனையில் விரிவுரையாளராகி, பர்மிங்காமுக்குச் சென்று, ஜார்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து, 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. மனம் ஒத்துழைக்கும் நாளுக்காகக் காத்திராமல் அன்றன்றைய பக்கத்தை அன்றன்றே முடிக்க வேண்டிய பத்திரிகைத் தொழில், அவர் பேனாவுக்கு நல்ல பயிற்சியாகவே இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

விபுலாநந்த அடிகளின் வாழ்வு வேறொரு பாடம். யாழ் நூலுக்கு அவர் பதினான்கு ஆண்டு உழைத்தார் என்பர். இடையில் ஆசிரியப் பணி, பத்திரிகைப் பணி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி, உடல்நோய் யாவும் வந்தன. நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நீண்ட காலம் எடுத்துக்கொள்வது வேறு. நீட்டித்துக்கொண்டிருப்பது வேறு என்பதற்கு அந்நூலே சாட்சி. இன்னும் ஒரு விடுமுறை என்று அடிகள் காத்திருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்?

பழியும் மன்னிப்பும்

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுதாதிருத்தல் யாவற்றையும் மனக்குறையாக எண்ணிவிடலாகாது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பள்ளியிற் கற்பித்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குச் செல்லும் ஆசிரியைக்கு நாலரை மணி மேசை எங்கே இருக்கின்றது? அவருக்கு உபதேசம் வேண்டுவதில்லை. அந்த அரைமணி நேரத்தை வீட்டார் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் மூவருள் ஒருவர் அத்தகையவர். அவர் கணவர் காலைச் சமையலை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் அவருடைய ஏடு நகர்ந்தது.

மற்றொன்று, கழிந்த காலத்துக்காகத் தன்னைத் தானே வதைத்துக்கொள்ளுதல். நான் சில மாதம் அதைச் செய்தேன். அது தண்டனை போலத் தோன்றினாலும், எழுதாமல் இருப்பதற்கு இன்னுமொரு வழியே. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று முதலாண்டு மாணவர்களை நோக்கியது. முதற் பரீட்சைக்குப் படிக்காமல் ஒத்திப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்கு முன் குறைவாகவே ஒத்திப்போட்டனர். மன்னிப்பு என்பது மறப்பதன்று. பிழையை ஏற்றுக்கொண்டு மறுநாள் மேசைக்குத் திரும்புவது.

2019ஆம் ஆண்டில் என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். அது பேராராய்ச்சி அன்று. ஆயினும் முடிந்த ஆராய்ச்சி. அதன் நான்காம் இயலில், ஒப்பாரிகளின் பட்டியலுக்குக் கீழே, ஓர் அடிக்குறிப்பு உண்டு: தலைமன்னார்ப் பிரிவைப் பற்றிய ஒப்பாரி ஒன்று இத்தோட்டத்தில் வழங்கியது, பதிவு செய்யப்படவில்லை. தேர்வாளர்கள் அக்குறிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதியவற்றுள் மிகக் கடினமான வரி அதுவே.

நகரத்து நூல்நிலையத்தில் இருக்கும் நூல் நாளைக்கும் அங்கே இருக்கும். மலைத்தோட்டத்து வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் நூலாகவில்லை; அது முதியவர்களின் நெஞ்சில் இருக்கின்றது. நெஞ்சுக்கு நாளை உறுதியில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது பழமொழி. பழங்கஞ்சியாவது உண்ண உதவும். பாடாமற் போன பாட்டை எங்கே தேடுவது?

இதைப் படிக்கும் மாணவ அன்பர்களே, உங்கள் ஏடு எந்த நிலையில் நின்றாலும் நாளைக் காலைக்கு ஒரு மணியும் ஓர் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். அரைப்பக்கம் போதும். உங்களுக்குத் தெரிந்த ஓர் அப்பாயி இன்னும் உயிரோடு இருப்பாரானால், அந்த அரைப்பக்கத்தையும் அன்றைக்கு விட்டுவிட்டு, முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.